தெருவுக்குள் ஒரு புகைப்படப் போட்டி நடத்துவது எப்படி?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சுற்றுச்சூழல் புகைப்படப் போட்டி என்று ஆரம்பித்தாலே பேச்சு முதல் பரிசு எவ்வளவு என்பதற்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள்.

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏரிக்கரை முதல் தண்டீசுவரர் கோயில் வரை என்று எழுதி ஒட்டிவிடுவோம். அதற்கு வெளியே எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேர்ப்பதில்லை. ‘சென்னையின் இயற்கை’ என்று பொதுவாக விட்டால், பெரிய லென்ஸ் வைத்திருக்கும் நாலு பேர் பள்ளிக்கரணைக்குப் போய்ப் பூநாரையோடு வருவார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்ததும் செல்போன் மட்டும் வைத்திருக்கும் இல்லத்தரசியும் எட்டாம் வகுப்புப் பையனும் ஒதுங்கிவிடுவார்கள். எல்லை சின்னதாக இருந்தால் ஆளாளுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பார்கள். அரிசிமாவுக் கோலத்தை இழுத்துப்போகும் எறும்பு, மின்கம்பியில் மீன்கொத்தி, பூவரசு இலையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முட்டை எல்லாம் அப்போதுதான் வரும்.

காலம் மார்கழி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரியில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். ஆறரை மணி வாக்கில் விடிவதால் சோம்பேறிகளுக்கும் காலை வெளிச்சம் கிடைக்கும். போகிப் புகையையும் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் நம் சுற்றுச்சூழல்தானே! பொங்கல் முடிந்த ஞாயிறு கடைசி நாள். முடிவை ஜனவரி 26 அன்று கொடியேற்றும்போது சொல்லிவிடுங்கள். எப்படியும் எல்லாரும் வருவார்கள், தனியாக விழா எடுக்கிற செலவு மிச்சம்.

விதிகளை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். கூட்டையும் குஞ்சுகளையும் நெருங்கி எடுத்த படத்துக்கு இடமில்லை. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. வெளிச்சம் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம், இல்லாத நிலாவை ஒட்டக் கூடாது. ஏஐ படம் வேண்டவே வேண்டாம். குழந்தைகளின் முகம் தெரிந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

படம் வாங்குவதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 12க்கு 18 அங்குலத்தில் அச்சடித்தால் மங்கலாகத் தெரியும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியும் அப்படியே வரும். போன வருஷத்துப் படத்தை யாராவது தூசி தட்டி அனுப்பினால் தெரிந்துவிடும். ஒருவருக்கு மூன்று படம் போதும். எங்கே, எப்போது, என்ன என்று இரண்டு வரி எழுதியே ஆக வேண்டும். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டு எழுதட்டும், அந்தப் பேச்சு நடக்க வேண்டும் என்பதுதான் என் உள்நோக்கம்.

நடுவர்களுக்குப் பெயரை மறைத்து எண் போட்டுக் கொடுங்கள். ஒருவருக்குப் படக்கலை தெரிய வேண்டும், இன்னொருவருக்கு மரமும் பறவையும் தெரிய வேண்டும். சங்க நிர்வாகிகள் யாரும் வேண்டாம். தலைவரின் மருமகன் படத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டால் அடுத்த இரண்டு வருஷக் கூட்டமும் அதைப் பற்றித்தான். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். வேறு பிரிவு எதுவும் தேவையில்லை.

பரிசுப் பணத்தைக் குறைத்து அச்சுக்குச் செலவழியுங்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம்; சுற்றுச்சூழல் போட்டிக்கு பிளாஸ்டிக் பேனரா? போட்டோ தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் பூங்காவில் மாட்டினால் போதும்.

அப்புறம், விண்ணப்பத்தில் ஒரு வரி கட்டாயம்: ‘என் படத்தை என் பெயரோடு சங்கம் பயன்படுத்தலாம்.’ ஏரியில் கழிவுநீர் கலக்கும் படமும் கட்டாயம் வரும், அழகாக இல்லை என்று ஒதுக்காதீர்கள். மாநகராட்சிக்கு மனு கொடுக்கும்போது தேதியோடு அதை இணைக்கலாம்.