பி ஃபார்ம் யாருக்கு வந்தாலும் கூட நிற்க: டிக்கெட் கேட்பவர்களிடம் உறுதிமொழி வாங்கும் முறை

சிவாஜிநகர், புலகேசிநகர், சி.வி. ராமன் நகர் போன்ற பெங்களூரு தொகுதிகளில் தேர்தல் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். டிக்கெட், அதாவது இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித் தரும் பி ஃபார்ம், கேட்கும் அத்தனை பேரும் மேடையில் கைகோத்து, "யாருக்கு வந்தாலும் அவருக்கே உழைப்போம்" என்பார்கள். பட்டியல் வந்த மறுநாள் ஒருவர் சுயேச்சையாக மனு போடுவார். அந்த வாக்குக்குச் சட்ட பலம் இல்லை. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டாலும், அதைக் காட்டி ஒருவரின் மனுவை வாபஸ் வாங்க வைக்க முடியாது. அமெரிக்காவில் டிரம்ப், கட்சி வேட்பாளர் யாரானாலும் ஆதரிப்பேன் என்ற குடியரசுக் கட்சியின் உறுதிமொழியில் 2015 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 2016 மார்ச்சில், இனி அதற்குக் கட்டுப்படவில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே தேதியும் வேலையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

விண்ணப்பம் வாங்கும் அன்றைக்கே கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அப்போது டிக்கெட் தனக்குத்தான் என்று ஒவ்வொருவரும் நம்புவார். மற்றவர்கள் கட்டுப்பட வேண்டுமே என்றாவது தயங்காமல் போடுவார். பட்டியலுக்குப் பிறகு அதே காகிதத்தை நீட்டினால் அவமானமாகவே எடுத்துக்கொள்வார்.

வாசகம் இவ்வளவு போதும்: "தலைமை அறிவிக்கும் வேட்பாளர் எவராயினும் ஏற்கிறேன். இத்தொகுதியில் சுயேச்சையாகவோ வேறு கட்சி சார்பிலோ நிற்க மாட்டேன். மனு போட்டிருந்தால், வாபஸுக்கான கடைசி நாள் காலை 11 மணிக்கே திரும்பப் பெறுவேன். கீழ்க்கண்ட எண்ணுள்ள பூத்களின் பொறுப்பை ஏற்கிறேன்." ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். மேலிடத்துக்குக் கன்னடப் பக்கம் போகும். கையெழுத்துப் போடுபவர் தமிழில் படித்துவிட்டுப் போடட்டும்.

நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 சட்டமன்றத் தேர்தலில் மனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20, பரிசீலனை 21, வாபஸ் 24. இடையில் 23 ஞாயிறு. "கடைசி நாளுக்கு முந்தைய நாள்" என்று எழுதியிருந்தால் அன்று அலுவலகமே மனு வாங்காது. 24 பிற்பகல் 3 மணி தாண்டிவிட்டால், அதன்பின் மனம் மாறினாலும் பெயர் வாக்கு இயந்திரத்தில் இருக்கும்.

ஒருவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதை அவர் மனுவே சொல்லிவிடும். முன்மொழிபவர்களை எண்ணிப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். கட்சி மனு என்று சொல்லிப் பத்துக் கையெழுத்தோடு வருபவர், பி ஃபார்ம் வராவிட்டாலும் களத்தில் நிற்க வழி வைத்திருக்கிறார். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பி ஃபார்மில் மாற்று வேட்பாளராகப் போடுபவருக்கும் இது பொருந்தும். ஒரே முன்மொழிபவர் என்றால், முதன்மை வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் அவருடையது தள்ளுபடியாகும். பத்துப் பேர் இருந்தால் சுயேச்சையாகத் தொடரலாம்.

ஏ ஃபார்ம் (பி ஃபார்மில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று கட்சி தெரிவிப்பது), பி ஃபார்ம் இரண்டும் மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், மையில் போட்ட கையெழுத்தோடு தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. கடைசி நேரத்தில் ஆளை மாற்றினால், பழைய பி ஃபார்ம் ரத்து என்று புதியதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வாபஸுக்கு ஃபார்ம் 5. வேட்பாளரே நேரில் கொடுக்கலாம். அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த முன்மொழிபவரோ தேர்தல் ஏஜென்டோ கொடுக்கலாம். தேதியில்லாமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது மனப்பூர்வமானதுதானா என்று அதிகாரி பார்ப்பார். "மிரட்டி வாங்கினார்கள்" என்று ஒரு வார்த்தை வந்தால் வம்புதான்.

இரண்டு காரியத்தைச் செய்யவே கூடாது. ஒன்று, கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது. தெய்வக் குற்றம் வரும் என்று வேட்பாளரை நம்பவைப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவில் முறைகேடு. இன்னொன்று, விலகுவதற்குப் பணமோ பதவியோ தருவதாகச் சொல்வது. அதே பிரிவில் அது லஞ்சம். வென்ற வேட்பாளரின் வெற்றியே செல்லாமல் போகலாம்.

அதிருப்தியாளர் எல்லா இடத்திலும் ஒரே அளவு கெடுப்பதில்லை. 2023-இல் புலகேசிநகரில் காங்கிரஸ் டிக்கெட் மறுக்கப்பட்ட அகண்ட சீனிவாசமூர்த்தி பகுஜன் சமாஜ் சார்பில் நின்றார்; காங்கிரஸ்தான் ஜெயித்தது. அதே தேர்தலில் தட்சிண கன்னட மாவட்டத்தின் புத்தூரில், பா.ஜ.க. டிக்கெட் கிடைக்காத அருண் புத்திலா சுயேச்சையாக நின்று இரண்டாமிடம் வந்தார்; பா.ஜ.க. மூன்றாமிடத்துக்குப் போனது. பூத் ஆட்கள் யார் பின்னால் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

வாபஸ் வாங்கியவருக்கு டெபாசிட் 10,000 ரூபாய் (பட்டியலினத்தவர், பழங்குடியினர் எனில் 5,000) திரும்பக் கிடைக்கும். அதற்கு விண்ணப்பிக்க நீங்களே உதவுங்கள். அன்றைக்கே வேட்பாளர் அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். ஆள் அனுப்பினால் போதாது. அவர் ஆட்களையும் பூத் ஏஜென்டுகளாகப் போட்டு ஏஜென்ட் நியமனத்துக்கான ஃபார்ம் 10-ஐக் கையெழுத்திட்டு அவரிடமே கொடுங்கள். உறுதிமொழியில் எழுதிய பூத் எண்களும் இந்த ஃபார்ம்களில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்கட்டும்.