மூடி வைத்தும் உறங்காத லேப்டாப்: லினக்ஸில் எங்கே பார்ப்பது?

கேஎல் சென்ட்ரலில் மூடிப் பையில் போட்ட லேப்டாப்பை, எல்ஆர்டி ரயில் பிடித்துக் கிளானா ஜெயாவில் இறங்கி எடுத்தால் இட்லிப் பானை மாதிரிச் சுடுகிறது. சார்ஜும் இறங்கிக் கிடக்கிறது. லினக்ஸ் போட்ட புதிதில் பலருக்கும் வரும் தொல்லைதான். இணையத்தில் தேடினால் வைத்தியம் வரிசையாக வந்து விழும். எதையும் உடனே எடுத்து ஒட்டாதீர்கள். உறங்கவே போகவில்லையா, அரைத்தூக்கமா, நடுவில் விழித்துக்கொள்கிறதா, உறங்கியது எழவில்லையா என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அதற்கு முன் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

படி 1: மூடியைத் தொடாமல் உறங்க வையுங்கள்

சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்

இதில் ஒழுங்காக உறங்கி எழுந்தால், சிக்கல் மூடியில். வெளித் திரை செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போது மூடினாலும் உறங்க வேண்டாம் என்பதுதான் லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் இயல்பான ஏற்பாடு, அது பழுதில்லை. திரை எதுவும் இல்லையென்றால்:

சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்

உறக்கத்தைத் தடுத்துப் பிடித்திருக்கும் நிரல் எது என்று பெயரோடு சொல்லிவிடும்.

படி 2: எந்த வகை உறக்கம்?

பை சூடாவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான்.

கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

விடையில் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற இரண்டில் ஒன்றோ இரண்டுமோ வரும். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்பது பழைய எஸ்3 முறை: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றவை பெரும்பாலும் அணைந்துவிடும். எஸ்2ஐடிலில் எதுவும் முழுதாக அணைவதில்லை. பாகங்கள் ஒவ்வொன்றும் தானாகக் குறைந்த மின்நிலைக்கு இறங்க வேண்டும். ஒரே ஒரு டிரைவர் (பாகத்தை இயக்கும் நிரல்) அடம் பிடித்தாலும் பிராசஸர் ஆழ்ந்த நிலைக்குப் போகாது, பேட்டரி கரையும். காற்றோட்டமில்லாத பை, வெளியே நம் ஊர் வெயில். அப்புறம் சுடாமல் என்ன செய்யும்?

இரண்டு சொல்லும் தெரிந்து, அடைப்பு எஸ்2ஐடிலில் இருந்தால், தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள்:

எக்கோ டீப் | சூடோ டீ /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

மறுதொடக்கம் செய்தால் இது அழிந்துவிடும், அதனால் தைரியமாகச் சோதிக்கலாம். சில இயந்திரங்கள் டீப் இருப்பதாகக் காட்டிவிட்டு, உறங்கினால் எழாது. அப்படியானால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டால் பழைய நிலைதான். ஓரிரு நாள் நன்றாக ஓடினால் மட்டும் நிரந்தரமாக்குங்கள்: /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் 'சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட்' என்று முடியும் பெயர் உள்ள வரியின் மேற்கோளுக்குள் மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் என்று சேர்த்து, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுக்க வேண்டும்.

டீப் என்ற சொல்லே வரவில்லையா? உங்கள் லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அதைத் தரவில்லை. புதிய லேப்டாப்கள் பலவற்றில் இப்படித்தான். சில திங்க்பேட் மாடல்களின் பயாஸில் (அந்த ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில்) 'ஸ்லீப் ஸ்டேட்' என்று ஒன்று இருக்கும், அதை லினக்ஸ் என மாற்றினால் டீப் வரும். மற்றவர்கள் சார்ஜரைச் செருகி 'எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் அப்டேட்' கொடுத்து ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால், பையில் போடும்போது முழுதாக அணைத்துவிடுவதே நல்லது. எஸ்எஸ்டி உள்ள இயந்திரம் எழ அதிக நேரம் ஆகாது.

படி 3: தானாக விழிக்கிறதா?

வயர்லெஸ் மவுஸின் டாங்கிளைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை உறங்க வையுங்கள். பையின் அசைவில் மவுஸ் நகர்ந்தாலே சில இயந்திரங்கள் விழித்துக்கொள்ளும். பிறகும் விழித்தால்:

கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்

எழுப்பக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். 'எக்ஸ்எச்சி' என்று தொடங்குவது யுஎஸ்பி. அதற்கு நேரே 'எனேபிள்ட்' என்றிருந்தால், பட்டியலில் உள்ள அதே பெயரை எக்கோவில் கொடுத்து, மேலே செய்தது போலவே சூடோ டீ வழியாக இந்தக் கோப்புக்கு அனுப்புங்கள். ஒருமுறை அனுப்பினால் அணையும், மறுமுறை அனுப்பினால் திரும்ப வரும்.

படி 4: எழவே இல்லை

திரை கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் எழுந்துவிட்டது, திரைதான் வரவில்லை. சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர்மேல். என்விடியா என்றால் உங்கள் டிரைவர் மேலாளர் பரிந்துரைக்கும் பதிப்புக்கு மாறுங்கள். விளக்கும் அசையவில்லையென்றால் அணைத்துப் போட்டு, முந்தைய ஓட்டத்தின் பதிவைப் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

கடைசியில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' இருந்து 'சஸ்பெண்ட் எக்ஸிட்' இல்லையென்றால், உறங்கப் போன வழியிலோ எழும் வழியிலோ சிக்கிவிட்டது. உடனே கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய், பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்து ஒருமுறை உறங்க வையுங்கள். அதில் ஒழுங்காக எழுந்தால் வன்பொருளில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வரும்வரை அதிலேயே ஓட்டலாம்.