கடைப் பக்கம் போனில் கொத்துப் பரோட்டா ஆகாமல் இருக்க

சித்தப்பாவின் பருப்புக் கடை விலைப்பட்டியலை பர்மிய மொழியில் ஒரு வலைப்பக்கமாகப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பெகு ஊரிலிருந்து பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, உளுந்து விலை பார்க்கலாம்னு தொறந்தா எழுத்தெல்லாம் பிச்சுப் போட்டாப்புல இருக்கே!" என் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தது. அன்று தொடங்கிய தலைவலியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பக்கம் உருவாக்குவது எப்படி என்று பலரும் எழுதியாயிற்று, அதை விடுகிறேன்.

எங்கள் மியான்மரில் கம்ப்யூட்டரைத் தொடாமலே நேரே போனுக்கு வந்தவர்கள் ஏராளம். லட்சக்கணக்கான கியாட் விலைக்கு விற்ற சிம் கார்டு, 2014-இல் ஊரீடூ, டெலினார் என்ற வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்தபோது 1500 கியாட்டுக்குக் கிடைத்தது. அதற்கப்புறம் மொத்த வியாபாரிகூடக் கடைக்கு வருமுன் போனில் விலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார். ஆகவே போனில் சரியாகத் தெரியாத பக்கம், ஷட்டர் பாதி இறக்கிய கடை மாதிரி.

முதலில் கம்ப்யூட்டரில் குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப் 12 அழுத்துங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவுக்குத் திரை சுருங்கும். அகலத்தை 360 என்று வையுங்கள். பக்கவாட்டில் நகர்த்தித்தான் படிக்க முடிகிறது என்றால் பக்கத்துக்கு எடுத்த அந்த வார்ப்புருவோடு (டெம்ப்ளேட்) மல்லுக்கட்டாதீர்கள், வேறொன்று மாற்றிவிடுங்கள்.

அடுத்து படங்கள். படத்தைச் சுருக்க நான் ஸ்குவூஷ் என்ற வலைத்தளம் தவிர வேறெதையும் தொடுவதில்லை. படம் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமல் உலாவிக்குள்ளேயே சுருங்குகிறது. அகலம் 800, வகை வெப்-பி, தரம் 75. துவரம்பருப்புப் படம் ஒன்று 4 எம்பியிலிருந்து 90 கேபிக்கு வந்தது.

மூன்றாவது, நிஜப் போனில் பார்ப்பது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, கம்ப்யூட்டர் குரோமின் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, இன்ஸ்பெக்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். போன் அங்கே தெரியவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். என்னுடையது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போயிற்று. நடுவில் கரண்ட் வேறு கட்.

இனி என்னைக் கவிழ்த்த இடம், எழுத்துரு. பர்மிய எழுத்தைக் கம்ப்யூட்டரில் பதிய யூனிகோடு (உலகப் பொது முறை), ஜோஜி (உள்ளூரில் பரவிய பழைய முறை) என்று இரண்டு முறைகள். 2019 அக்டோபர் 1-இல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் ஜோஜி போட்டு வந்த பழைய போன்கள் இன்னும் ஆட்கள் கையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே குறியெண்களைப் பயன்படுத்துவதால் எது எது என்று போனுக்குத் தெரியாது. நம் கொம்பு மாதிரி அவர்களுக்கும் ஒன்று உண்டு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்புதான் முதலில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தமிழ் அடித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜோஜிப் போன் யூனிகோடைப் படித்தால், தமிழில் சொன்னால், 'மேகம்' 'மகேம்' ஆகிவிடும்.

நான் பக்கத்திலேயே நோட்டோ என்ற யூனிகோடு எழுத்துருவைப் பொதித்திருந்தேன். அதனால் ஜோஜிப் போனிலும் குரோமில் திறந்தால் சரியாக வந்தது. பெகுக்காரர் வைத்திருந்ததோ ஓபரா மினி என்ற உலாவி! அதன் 'எக்ஸ்ட்ரீம்' டேட்டா சேமிப்பு முறை பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும், பொதித்த எழுத்துருவை எடுத்துக்கொள்ளாது. 'ஹை' என்று மாற்றச் சொன்னேன், சரியானது. எல்லா வாடிக்கையாளருக்கும் இப்படிப் போனில் பாடம் நடத்த முடியுமா? பட்டியலை ஜோஜிக்கு மாற்றி இரண்டாவது பக்கமாகப் போட்டு, மேலே 'எழுத்து உடைந்தால் இங்கே தட்டவும்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அந்தப் பொத்தானைப் படமாகப் போடுங்கள். எழுத்தாகப் போட்டால் அதுவும் உடையும், நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பக்கத் தலைப்பை ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள், டேப்பில் தெரிகிற வரிக்கு போனின் சொந்த எழுத்துருதான்.

பின்சேர்க்கை: மோல்மேனிலிருந்து ஒரு வாசகர், ஆர்டர் படிவத்தில் வாடிக்கையாளர் ஜோஜி விசைப்பலகையில் அடித்தது தன் போனில் குப்பையாக வருகிறது என்று எழுதியிருந்தார். நியாயம்தான், நான் யோசிக்கவில்லை. இப்போது எங்கள் படிவத்தில் பொருளும் மூட்டை எண்ணிக்கையும் தட்டித் தேர்ந்தெடுப்பது மட்டுமே, போன் நம்பர் எண்களில். பெயர் கேட்கும் பெட்டியை எடுக்கச் சித்தப்பா விடவில்லை. பெயர் உடைந்து வந்தால் அவரே கூப்பிட்டுக் கேட்கிறார். கேட்டதோடு வைப்பதில்லை, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடுகிறது.