கோட்டோரில் கப்பல் நின்றால், முதலில் மலை ஏறுங்கள்

ஐரோப்பிய நாடான மாண்டினீக்ரோவின் கோட்டோர் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்பது சில மணி நேரம்தான். இறங்கியதும் எல்லோரும் பழைய நகரச் சந்துகளுக்குள் நுழைவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், வெயில் ஏறும் முன் கோட்டை மதில் வழியே மலையேறிவிடுங்கள். உச்சிவரை சுமார் 1,350 படிகள். கற்கள் தேய்ந்து வழுக்கும், அதனால் பிடிப்புள்ள காலணி கட்டாயம். தண்ணீரும் நுழைவுக் கட்டணத்துக்குக் கொஞ்சம் யூரோ ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

முழுதும் ஏற முடியாதா? பரவாயில்லை. பாதி வழியில் ஒரு சிறிய மாதா கோயில் வரும். அங்கிருந்தே சிவப்பு ஓட்டுக் கூரைகளும் வளைகுடாவும் அழகாகத் தெரியும். என்னைக் கேட்டால் அதுவே போதும்.

அப்புறம் இறங்கிவந்து, 1166இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித டிரைஃபோன் பேராலயத்தைப் பாருங்கள். நகரம் சின்னது, வரைபடம் இல்லாமலே சுற்றலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கப்பல் நேரமும் கரை நேரமும் சில சமயம் வேறுபடும். கப்பல் நேரத்தையே பின்பற்றுங்கள். கப்பல் கரைக்கு வராமல் வளைகுடாவின் நடுவில் நங்கூரமிட்டிருந்தால், கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.