'நேச்சர் ஆஃப் தி பீஸ்ட்': மிருகத்தைத் தேடாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஓர் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கி நீட்டினார். பழைய கடைவீட்டின் கூரை ஒழுகுவதைப் பற்றியது. நடுவில், 'நேச்சர் ஆஃப் தி பீஸ்ட்' என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு 'இது மிருகத்தின் இயற்கை' என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிருகத்திடம் நானும் கடிபட்டவன். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தி' விடுபடுவதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்ற தப்புகளைப் பார்ப்போம்.

மிருகத்தை மொழிபெயர்ப்பது

வேண்டாம். 'அது அப்படித்தான்' போதும்.

நம் தப்புக்கு அதைச் சாக்காக்குவது

அப்போது செந்தூலில் ஒரு கேட்டரிங்காரருக்கு ஆங்கில மெயில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். அக்டோபர் மாதத்துச் சாயங்கால மழை, ஜாலான் துன் சம்பந்தன் முழுக்க ஜாம். பெண்ணின் அப்பா கொதித்துப்போய் எழுதினார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியில் கெத்தாக 'தட்ஸ் தி நேச்சர் ஆஃப் தி பீஸ்ட்' என்று முடித்தேன். கேஎல் ஜாம் என்றால் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். 'எங்களிடம் சொன்னால் சாப்பாடு இப்படித்தான் வரும்' என்று அவர் படித்தார். அவர் படித்ததில் தப்பே இல்லை. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த 600 இலையும் வேறு ஆளுக்குப் போனது. முதலாளி திட்டவில்லை. மெயிலைப் பிரிண்ட் எடுத்து, அரிசி மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

ஒரு பொருளோ தொழிலோ கூடவே கொண்டுவரும் தொல்லையை, மாற்ற முடியாது என்று ஏற்றுக்கொள்ளும்போது வருகிற பேச்சு இது. பசியோடு காத்திருந்த விருந்தாளி சொல்லலாம். சோறு கொண்டுவந்தவன் சொன்னால் சால்ஜாப்பு.

மனிதர்மேல் போடுவது

மாமியாரைப் பற்றி ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சிறுத்தைப் புள்ளியோடு குழப்புவது

சிறுத்தை தன் புள்ளியை மாற்றாது என்ற ஆங்கிலப் பழமொழி பைபிளில் எரேமியா 13:23இலிருந்து வந்தது. பழைய தமிழ் பைபிள் 'சிவிங்கி' என்கிறது. ஒட்டகச்சிவிங்கி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழமொழி திருந்தாத ஆளைச் சொல்வது, நம் நாய்வால் மாதிரி. பீஸ்டில் அந்த வசை கிடையாது, அலுப்பு மட்டும்தான். 'தொட்டில் பழக்கம்' இரண்டுக்குமே பொருந்தாது, அது பழக்கத்தைப் பற்றியது.

தங்கச்சி திருத்திக் கொண்டுவந்தார்: 'பழைய கடைவீடு என்றால் ஒழுகத்தான் செய்யும்.' நன்றாக இருந்தது. கடிதம் யார் எழுதியது, குடியிருப்பவரா என்று கேட்டேன்.

"இல்லண்ணே, கூரை போட்ட காண்ட்ராக்டர்."