வீட்டு சர்வரில் வெப்சைட்: கட்டும் இடத்திலேயே காட்டாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு கேரம் மன்றத்துக்கு ஒரு வெப்சைட் நடத்துகிறேன். ஆட்ட அட்டவணை, முடிவுகள், பழைய கோப்பைகளின் படங்கள், அவ்வளவுதான். மேசைக்கு அடியில் இருக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். ஹ்யூகோ என்ற மென்பொருள் நாங்கள் எழுதும் கோப்புகளிலிருந்து பக்கங்களைக் கட்டுகிறது, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அவற்றைப் பார்ப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறது. பிள்ளைகள் முடிவை எழுதி, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஏற்றினால் பில்டு, அதாவது பக்கங்களைக் கட்டும் வேலை, தானாக ஓடும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு, ஆட்டம் முடிந்த நிமிடமே முடிவைப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் இங்கே கூடிவிட்டார்கள். அவர்களுக்கு வெற்றுப் பக்கத்தைக் காட்டக் கூடாது. என் கவலை எல்லாம் அதுதான்.

ஒருமுறை காட்டிவிட்டேன். இறுதி ஆட்டத்தன்று இரவு, முடிவு எழுதிய கோப்பின் தலைப்பகுதியில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் என் ஸ்கிரிப்ட் மூன்று வேலை செய்யும்: பழைய பில்டு ஃபோல்டரைக் காலி செய்யும், ஹ்யூகோவை ஓட்டும், பிறகு ஆர்சிங்க் என்ற நகல் கருவி மூலம் எல்லாவற்றையும் வெப் ஃபோல்டருக்கு நகல் எடுக்கும். அந்த ஆர்சிங்கில் 'டெலீட்' விருப்பமும் போட்டிருந்தேன். ஹ்யூகோ பிழை சொல்லி, பக்கம் ஒன்றுகூட எழுதாமல் நின்றுவிட்டது. ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. மூலத்தில் இல்லாததை எல்லாம் அழி என்று நான் சொல்லி வைத்திருந்ததால், ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருந்த சைட்டின் பக்கங்களை மொத்தமாக அழித்துவிட்டது.

ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்ததற்குப் போகும். அதுதான் அதன் இயல்பு. தொடக்கத்திலேயே 'செட் மைனஸ் ஈ' என்ற ஒரு வரி போட்டால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். ஆனால் அது மட்டும் போதாது. பில்டு வெற்றி என்று சொல்லிக்கொண்டே காலிப் பக்கங்களைத் தரும் நாட்களும் உண்டு. பக்கங்களின் தோற்றத்தைத் தரும் தீம் கோப்புகளை கிட் சப்மாட்யூலாக (வேறொரு கிட் களஞ்சியத்தைச் சுட்டும் இணைப்பாக) வைத்துவிட்டு, பில்டை ஓட்டும் நிரலான ரன்னர் அதைச் சேர்த்து எடுக்காமல் விட்டால் அப்படி நடக்கும். அதனால் நகல் எடுப்பதற்கு முன் முகப்புப் பக்கம் இருக்கிறதா, அது வெறும் கோப்பு இல்லையே, பக்கங்களின் எண்ணிக்கை திடீரென்று குறையவில்லையே என்று ஸ்கிரிப்டே பார்க்க வேண்டும். ஹ்யூகோவின் பதிப்பு எண்ணையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் தீம் உடையும்.

இதைவிட நல்ல வழி, கட்டும் இடத்தையும் காட்டும் இடத்தையும் பிரித்துவிடுவது. ஒவ்வொரு பில்டும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் போகட்டும். என்ஜின்எக்ஸ் பார்ப்பது 'இப்போது' என்ற ஒரு சிம்லிங்கை, அதாவது வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழியை மட்டும். பில்டு சரியாக இருந்தால் சிம்லிங்கைப் புது ஃபோல்டருக்குத் திருப்புங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இருக்கும் சிம்லிங்கின் மேலேயே எழுதச் சொன்னால், சில கணினிகளில் கட்டளையின் பழைய பதிப்பு பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை உருவாக்கும், நடுவில் ஒரு கணம் எதுவுமே இருக்காது. வேறு பெயரில் புது சிம்லிங்க் செய்து, அதைப் பழைய பெயருக்கு மாற்றினால் அந்த இடைவெளி வராது. கடைசி ஐந்து ஃபோல்டர்களை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். தப்பு நடந்தால் சிம்லிங்கைப் பின்னால் திருப்பினால் போதும், பில்டே வேண்டாம்.

அப்புறம், எழுதிய முடிவு வரவே இல்லை என்று வரும் புகார். ஹ்யூகோ எதிர்காலத் தேதியிட்ட பக்கத்தைக் கட்டாது. இரவு 9 மணி என்று நேர மண்டலம் இல்லாமல் எழுதினால், அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது மறுநாள் அதிகாலை 2.30. அந்த நேரம் வந்தாலும் மறுபடி பில்டு ஓடினால்தான் பக்கம் தெரியும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் தீர்ந்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'கோப்பை' மூன்றெழுத்துச் சொல்தான், ஆனால் யூனிகோடில் 6 குறிகள், 18 பைட்டுகள், முகவரியில் குறியேற்றினால் 54 எழுத்துகள். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், நீளமான தமிழ்த் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் பில்டு உடையும். பழைய மேக் கணினியின் கோப்பு முறை 'கோ'வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. கோப்பு இருந்தும், 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை வரும். படங்களுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில் குட்டிப் பெயர் வையுங்கள், தலைப்பைத் தமிழில் உள்ளே எழுதுங்கள்.

கிட் ரெப்போவை, அதாவது முழுக் களஞ்சியத்தை, நேராக வெப் ஃபோல்டருக்குள் க்ளோன் (முழு நகல்) செய்யாதீர்கள். மறைவாக இருக்கும் கிட் ஃபோல்டரும் வெளியே தெரியும். எங்கள் உறுப்பினர் பட்டியலில் முதலில் போன் எண்கள் இருந்தன, பிறகு நீக்கினோம். கிட் சேமித்த பழைய மாற்றங்களின் வரலாற்றில் அவை இன்னும் இருக்கின்றன. மாற்றம் வந்ததும் பில்டைத் தூண்டும் வெப்ஹுக்குக்கு ரகசியச் சொல் வையுங்கள். ரன்னரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டாதீர்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மாற்றத்தை உங்கள் வீட்டு ரன்னரில் தானாக ஓடவும் விடாதீர்கள்.

வீட்டு இணைப்பில் ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து வருபவர்களுக்காக ரூட்டரில் போர்ட்டைத் திறந்து பயனில்லை. நான் இப்போது வீட்டில் கட்டி, முடிந்த பக்கங்களை வாடகைக்கு எடுத்த சின்ன சர்வருக்கு அனுப்புகிறேன். சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதி நினைவூட்டும் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதனால் நீங்களே கண்காணிக்க வேண்டும். சான்றிதழ் புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்படி அமைத்துவிடுங்கள். ரன்னரும் அதோடு எழுகிறதா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். யாரும் முடிவுக்குக் காத்திராத ஒரு செவ்வாய்க்கிழமை மதியமாகப் பார்த்து, பில்டு எதுவும் ஓடாத நேரத்தில் செய்யுங்கள்.