யானைத் துப்பாக்கிகளில் எது அதிகமாக உதைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். உந்தம் மாறா விதி நடத்தும் நாளில், கைப்பேசியில் சுட்டு விளையாடுகிற பிள்ளைகள் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "சார், யானை வேட்டைக்கான பெரிய ரைபிள்களில் எது ரொம்ப உதைக்கும்?" சுட்டதும் ரைபிள் பின்னால் வந்து தோளில் இடிப்பதுதான் உதைப்பு. இணையத்தில் தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறார்கள். நாமே போட்டுப் பார்ப்பது சுலபம். இந்தியாவில் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்.

படி 1: நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

குண்டின் எடை, குழலை விட்டு வெளியேறும் வேகம், தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தின் எடை, ரைபிளின் எடை. முதல் இரண்டும் தோட்டா நிறுவனங்களின் பட்டியலிலேயே இருக்கும். மருந்தின் எடைக்கு, தோட்டாவைத் தாங்களே நிரப்புபவர்களுக்கான கையேடுகளைப் பார்க்க வேண்டும்.

படி 2: அலகை மாற்றுங்கள்

குண்டும் மருந்தும் கிரெய்ன் கணக்கில் இருக்கும். 0.0648-ஆல் பெருக்கினால் கிராம். வேகத்தை அடியிலிருந்து மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்குங்கள். 500 கிரெய்ன் குண்டு 32.4 கிராம் வரும். நம் வீட்டுக் கணக்கில் நாலு சவரனுக்குக் கொஞ்சம் மேல். அதைத்தான் விநாடிக்கு 640 மீட்டரில் அனுப்புகிறார்கள்.

இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. உள்ளே என்ன எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று பல செயலிகள் காட்டுவதில்லை. ஒரு கேசியோ கால்குலேட்டரும் ரூல் போட்ட நோட்டும் போதும்.

படி 3: மருந்தை விட்டுவிடாதீர்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பாடப்புத்தகக் கணக்கில் குண்டும் துப்பாக்கியும் மட்டும்தான் இருக்கும். உண்மையில் எரிந்த மருந்து முழுவதும் வாயுவாகி, குண்டுக்குப் பின்னாலேயே குழலிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வெளியேறுகிறது. அதற்கும் எடை உண்டு, அதுவும் குண்டைவிட வேகமாகப் போகிறது. வழக்கமாக விநாடிக்கு 4000 அடி, அதாவது சுமார் 1220 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். குண்டின் வேகத்தைப்போல் 1.75 மடங்கு என்று எடுப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் சரி, எல்லா ரைபிளுக்கும் அதையே எடுங்கள். இரண்டையும் கலந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

.416 ரிக்பி என்ற தோட்டாவைப் பாருங்கள். பெயரில் உள்ள எண், குண்டின் விட்டம் ஏறத்தாழ எத்தனை அங்குலம் என்பது. குண்டு 25.9 கிராம், வேகம் 732 மீட்டர், மருந்து சுமார் 6.35 கிராம், ரைபிள் 4.5 கிலோ. எடையைக் கிலோவாக்கி வேகத்தால் பெருக்கினால் உந்தம்: குண்டின் உந்தம் 18.96, வாயுவின் உந்தம் 7.75. வாயுவை விட்டுவிட்டால் உதைப்பின் ஆற்றல் 40 ஜூல் என்று வரும், சேர்த்தால் 79. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

படி 4: வேகம், பிறகு ஆற்றல்

இரண்டு உந்தங்களையும் கூட்டி ரைபிளின் எடையால் வகுத்தால், ரைபிள் பின்னால் வரும் வேகம். அந்த வேகத்தின் வர்க்கத்தை ரைபிளின் எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல். மருந்தின் எடை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், கீழே உள்ளவற்றைத் தோராயமாகவே கொள்ளுங்கள்:

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 4.1 கிலோ: 5.1 மீ/வி, 52 ஜூல்
.416 ரிக்பி, 4.5 கிலோ: 5.9 மீ/வி, 79 ஜூல்
.458 வின்செஸ்டர் மேக்னம், 4.1 கிலோ: 6.4 மீ/வி, 85 ஜூல்
.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 5 கிலோ: 6.0 மீ/வி, 89 ஜூல்
.460 வெதர்பி, 4.7 கிலோ: 7.4 மீ/வி, 129 ஜூல்

படி 5: இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள்

ஆற்றலை மட்டும் பார்த்தால் .458-ஐவிட .470 கொடியது. ஆனால் தோள் அப்படிச் சொல்லாது. .470 பெரும்பாலும் கனமான இரட்டைக்குழல் ரைபிளில் வருகிறது. மெதுவாக வந்து ஆளைப் பின்னால் தள்ளுகிறது. எடை குறைந்த .458 சட்டென்று வந்து இடிக்கிறது. ஒரே அளவு ஆற்றல் குறைந்த நேரத்தில் தோளில் இறங்கினால் வலி கூடும். அதனால் நான் வேகத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த .470-க்கு நம் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 வகைத் தோட்டாக்களுக்குத் தடை போட்டது. அவை கலகக்காரர்களின் பழைய ராணுவ ரைபிள்களுக்குப் பயன்பட்டுவிடுமோ என்ற பயம். அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றில் .470 நிலைத்துவிட்டது.

கணக்கில் வராதவையும் இருக்கின்றன. பின்கட்டை கீழ்நோக்கி அதிகம் வளைந்திருந்தால் குழல் மேலே எகிறிக் கட்டை கன்னத்தில் அடிக்கும். அகலமான ரப்பர் திண்டு அடியைப் பரப்பிவிடும். நின்று சுடும்போது உடம்பு பின்னால் சாய்ந்து கொடுக்கும். மேசையில் கை ஊன்றி உட்கார்ந்தால் அந்த வசதி இல்லை, அதே ரைபிள் இரண்டு பங்கு முரடாகத் தோன்றும்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்த ஒருவருக்கு .375-க்கு 48 ஜூல்தான் வந்ததாம். அவர் போட்டதும் சரிதான். குறிபார்க்க மேலே மாட்டும் 400 கிராம் ஸ்கோப்பையும் ரைபிளின் எடையில் சேர்த்திருக்கிறார். பட்டியலில் இருப்பது வெறும் ரைபிளின் எடை. ஸ்கோப்பையும் உள்ளே போடும் தோட்டாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மசில் பிரேக் பற்றியும் கேட்டிருந்தார்கள். குழல் முனையில் மாட்டும் அது, வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. ஆக, மூன்றாம் படியின் வாயுப் பங்கில்தான் அது கைவைக்கும். மருந்து நிறைய எரிக்கும் .460 வெதர்பிக்கு நல்ல பலன். பக்கத்தில் நிற்பவரின் காது பாவம்.

.600 நைட்ரோ எக்ஸ்பிரஸையும் போடச் சொன்னார் இன்னொருவர். 58.3 கிராம் குண்டு, 594 மீட்டர் வேகம், சுமார் 7.1 கிராம் மருந்து. ரைபிளை 7.26 கிலோ என்று வைத்தால் 129 ஜூல். வெதர்பிக்கு வந்த அதே எண்! ஆனால் வேகம் 6.0 மீ/வி, கிட்டத்தட்ட .470 அளவுதான். குறைத்துக் கொடுத்தது அந்த ஏழு கிலோ. அதை நாள் முழுக்கச் சுமந்து நடக்க, அந்தக் காலத்துத் துரைமார் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள்.